நாற்பது நாள் அழுத வேன்

கட்டிங் பிளேயரை வைத்து நட்டைத் திருகினால் வண்டி அழும் என்பது எங்கள் கம்பெனித்தோட்டம் காலனியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மழை பெய்தால் மூன்றாவது வீதியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதும், குழாய்த் தண்ணீர் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்பதும் எப்படித் தெரியுமோ அப்படித்தான் இதுவும் தெரியும். தெரிந்து என்ன, தெரிந்துகொண்டேதான் திருகினோம், அழ அழத் திருகினோம், அழுவதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றோம். அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் பெயர் மருதாசலம், காலனி முனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கோயமுத்தூருக்குக் கிழக்கே, மூடிப்போன ஒரு மில்லின் தொழிலாளிகளுக்காகக் கட்டிய அறுபத்து நாலு வீடுகள்தான் எங்கள் காலனி. இங்கே ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு: அப்பன் மில்லில் ஃபிட்டர் என்பதால் பிள்ளையும் ஃபிட்டராகவே பிறந்துவிட்டதாக நினைப்பு. வண்டியை மெக்கானிக்கிடம் விடுவது மானக்கேடு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுத்துக் கொடுத்துவிட்டு, அது வேகிற நேரத்துக்குள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளாளுக்கு வாசலில் வண்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எதை வைத்துப் பிரித்தார்கள் என்று கேட்டால் வெட்கக்கேடு: அறுபத்து நாலு வீட்டுக்கும் அறுபத்து நாலு கட்டிங் பிளேயர். நட்டைக் கழற்ற அதுதான், கம்பி வெட்ட அதுதான், ஆணி அடிக்க அதுதான், அடுப்பிலிருந்து சட்டி இறக்கவும் அதுதான். பத்தாம் நம்பர் நட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது, என் கடைச் சுவரிலேயே ஆறில் தொடங்கி முப்பத்திரண்டு வரை வரிசையாகத் தொங்குகிறது, ஆனால் பிளேயரைத் தூக்கிக் காட்டி, "இது ஒண்ணு இருந்தா எல்லாத்துக்கும் ஆகுமுங்களா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஆகுமுங், ஆகுமுங்" என்று பதினோரு வருஷமாகத் தலையாட்டி விற்றவன் நான்தான்.

முதலில் அழுதது காலனிச் சங்கத் தலைவர் வெள்ளிங்கிரியின் மொபெட். தை மாசம் இரண்டாம் ஞாயிறு, பின்சக்கரத்து நட்டைப் பிளேயரால் கவ்வி அவர் ஒரு முறுக்கு முறுக்க, நட்டின் முனை வழுக்க, மொபெட் "ஆ" என்றது. இரும்பு இரும்போடு உரசுகிற சத்தமல்ல, காதைத் திருகிவிட்ட குழந்தையின் குரல். வெள்ளிங்கிரி அதன் சீட்டில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா இரு" என்றார். அது இன்னும் மூன்று தடவை அழுதது, அவரும் இன்னும் மூன்று முறுக்கு முறுக்கினார், பிறகு கை கழுவிவிட்டுக் கறிச்சோறு சாப்பிடப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்குள் காலனி முழுக்க இதே கதை. நட்டின் முனை மழுங்கும்போது ஓர் அழுகை. ஸ்க்ரூட்ரைவரை உளியாக்கிச் சுத்தியலால் அடிக்கும்போது ஒரு முனகல். ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கும்போது பால் மறக்கடித்த பிள்ளையின் சிணுங்கல். இரண்டு ஒயரைச் சும்மா முறுக்கி மேலே டேப் சுற்றிவிட்டால் ஓட்டும்போதெல்லாம் ஒரு விசும்பல். சரியான ஸ்பேனரைச் சரியான நட்டில் மாட்டித் திருப்பினால் மட்டும் சத்தமே கிடையாது. பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள் இதை. பெரியவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள், அதுதான் எனக்கு ஆறவேமாட்டேன் என்கிறது. ஒருவர்கூட, மருந்துக்குக்கூட ஒருவர், என் கடைக்கு வந்து ஸ்பேனர் கேட்கவில்லை. பஞ்சு கேட்டார்கள். ஹார்டுவேர் கடையில் காதுக்குப் பஞ்சு வாங்கி வைத்து விற்றேன், அதுவும் நன்றாகவே போயிற்று.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்று சொல்வதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், எங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மாகாளியம்மன் கோயிலில் வண்டிகளுக்கு எலுமிச்சம்பழம் சுற்றினோம். அழுகிறது வண்டிக்கு வந்த செல்லம் என்றார் ஒருவர், டேங்கில் துணியைப் போர்த்தித் தூங்க வைத்தால் சரியாகும் என்றார் இன்னொருவர். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளையோட வண்டி அழுகறதுங்களா, அழுகாததுங்களா?" என்று கேட்டார்கள், "கொஞ்சமாத்தானுங் அழுகும்" என்று பதில் சொன்னார்கள், உடனே தட்டு மாற்றினார்கள். கடைசியில் வெள்ளிங்கிரி ஒரு விதி கொண்டுவந்தார்: ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை கோயில் ஸ்பீக்கரில் உச்சச் சத்தத்தில் பாட்டுப் போடப்படும், வண்டி வேலைகளை அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அழாத வண்டி ஒன்றே ஒன்று இருந்தது, ஏழாம் நம்பர் வீட்டு மயிலாத்தாளின் ஸ்கூட்டர். அவர் கார்களுக்கு ஒயர்க்கட்டு தயாரிக்கிற கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவர், கணவர் லாரியில் வடக்கே போனால் மாதம் கழித்துத்தான் வருவார். மயிலாத்தாள் என் கடையில் வாங்கிய சாமானை விரல்விட்டு எண்ணலாம்: ஒரு ரிங் ஸ்பேனர் செட், ஒயர்த் தோல் உரிக்கிற ஸ்டிரிப்பர், ஒயர் முனையில் லக் என்கிற தகட்டு வளையத்தை வைத்து நசுக்குகிற கிரிம்பிங் பிளேயர், கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு டப்பா ஃப்யூஸ். ஒவ்வொன்றையும் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, நட்டில் மாட்டி ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் "இது லூசா இருக்குதுங்ணா, வேற குடுங்" என்று கேட்டு வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் உட்கார்ந்து வேலை செய்தால் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்கும். இதற்கு ஊர் மெச்சியிருக்க வேண்டும். ஊர் என்ன சொன்னது தெரியுமா? பொம்பளை ஸ்பேனர் எடுத்த நாளிலிருந்துதான் மற்ற வண்டிகளெல்லாம் அழ ஆரம்பித்தன என்றது. அவருடையது ஊமை வண்டி, விடியற்காலையில் எதிரே வந்தால் ஆகாது என்றும் சொன்னது.

இப்படி மொபெட்டைக் கடித்து, பைக்கைக் கடித்து, கடைசியில் பிள்ளைகள் போகிற வேனுக்கே வந்துவிட்டது.

வேன் சிவராசுவுடையது. எங்கள் காலனியிலிருந்து பதினேழு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவான், என் மகள் தன்ஷிகா அதில் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு, மயிலாத்தாளின் மகளும் அதில்தான் போனாள். சிவராசு கெட்டவன் இல்லை, பிள்ளைகள் என்றால் உயிர். அந்த உயிரில்தான் ஜூன் மாசம் பள்ளி திறக்கும்போது வேனுக்குள் இரண்டு ஃபேன், ஒரு பாட்டுப் பெட்டி, கூரையைச் சுற்றி வண்ண வண்ண லைட் என்று பூட்டினான், எல்லாவற்றையும் ஒரே ஒயரில் பல்லால் கடித்து இணைத்தான். ஃப்யூஸ் போயிற்று. வேறு போட்டான், அதுவும் போயிற்று. நாலாவதும் போனபிறகு என் கடைக்கு வந்தான். அவன் மூக்குக்கு நேரே ஃப்யூஸ் அட்டை தொங்கியது. அவன் அதைப் பார்க்காமல், "அண்ணா, ஒரு சாண் செம்புக் கம்பி இருந்தாக் குடுங்" என்றான். வெட்டிப்போட்ட துண்டு ஒன்று கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான், பதில் தெரிந்தால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து வேன் அழுதது. மற்ற வண்டிகளைப் போல முறுக்கும்போது மட்டுமல்ல, சாவி போட்டதிலிருந்து சாவி எடுக்கும்வரை, விடாமல், மூச்சு வாங்காமல், ஆளில்லாத வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் போன குழந்தையைப் போல அழுதது. நான்கு வீதிக்கும் கேட்டது. தன்ஷிகா முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வேன் ஏம்ப்பா அழுகுது?" என்றாள். "உன்னையாட்டவே பள்ளிக்கூடம் போகப் புடிக்காம அழுகுது சாமி" என்றேன். அவள் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாள், நானும் என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். ஒரு வாரத்தில் பிள்ளைகள் அந்த அழுகையின் சுருதிக்கு வாய்ப்பாடு சொல்லப் பழகிவிட்டார்கள். அம்மாக்கள் தலை சீவிப் பூ வைப்பதைப் போலவே காதில் பஞ்சு வைத்து அனுப்பினார்கள்.

மயிலாத்தாள் ஒருத்திதான் வேனுக்கு முன்னால் போய் நின்றார். அன்று காலை கேட் அருகே நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

"தம்பி, ஃப்யூஸ் பாக்ஸைத் தொற, பாக்கோணும்."

"அதெல்லாம் நல்லாத்தானுங்க்கா இருக்குது."

"நல்லா இருந்தா இப்புடி அழுகுமா? எத்தனை ஆம்ப்பு ஃப்யூஸு போட்டிருக்கறே?"

சிவராசு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஃப்யூஸு போட்டாப் போயிருதுங்க்கா. நாலு போட்டேன், நாலும் போச்சு. கம்பி போட்டதுல இருந்து போகறதே இல்லைங். இப்ப நீங்களே சொல்லுங், எது ஒசத்தி?"

"போகோணும்னுதான் தம்பி அதை வெச்சிருக்கறது!" மயிலாத்தாளின் குரல் உயர்ந்துவிட்டது. "எங்கியோ ஒயரு தேஞ்சு வண்டி பாடியில ஒட்டுது. ஃப்யூஸு போனா வண்டி நிக்கும், அவ்வளவுதான். ஃப்யூஸு போகலீன்னா ஒயரு வேகும். அந்த ஒயரு போற பக்கமெல்லாம் புள்ளைக உக்காந்திருக்குது."

சிவராசுவின் முகம் மாறியது. அந்த நிமிஷம் யாராவது ஒருவர், நானாவது, "ஆமா தம்பி, அக்கா சொல்றது செரிதான்" என்று சொல்லியிருந்தால் அவன் திறந்து காட்டியிருப்பான். வெள்ளிங்கிரி சொன்னார்: "அம்மிணி, நாங்க மில்லுல ஃபிட்டரு வேலை பாத்த குடும்பம். எங்களுக்கே ஒயரு வேலை சொல்லித் தர்றயா? உனக்குப் பயமா இருந்தா உம்புள்ளைய எறக்கிக்க." எல்லாரும் சிரித்தார்கள். சிவராசுவும் சிரித்து, "ஞாயித்துக்கெழமை பாக்கறனுங்க்கா" என்று சாவியைத் திருப்பினான். மயிலாத்தாள் தன் மகளை அப்போதே இறக்கி ஸ்கூட்டரில் உட்கார வைத்தார். பதினேழு பதினாறாயிற்று. அதோடு அவருக்கு இதில் பேச வாயில்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது, தன் பிள்ளை இல்லாத வேனைப் பற்றி ஒருத்தி கவலைப்படுவாள் என்பது எங்கள் அறிவுக்கு எட்டவில்லை.

அவர் அதற்குப் பிறகும் தினமும் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி, "இன்னைக்காச்சும் எடுத்தியா தம்பி?" என்று கேட்பார், அவன் "இல்லீங்க்கா" என்பான், அவர் போய்விடுவார். என் கடைக்கு வந்து, "அண்ணா, நீங்க சொன்னாக் கேப்பான், உங்க புள்ளையும் அதுலதானே போகுது" என்றார். "தலைவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங், நான் சொல்லி என்னங் ஆகப்போகுது" என்று தராசில் ஆணியை நிறுத்துக்கொண்டே சொன்னேன்.  அவர் சுவரில் தொங்கிய ஃப்யூஸ் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டுபோய்ச் சிவராசுவின் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார். அது அங்கேயே இருந்தது.

முப்பதாம் நாள் சங்கக் கூட்டம் கூடியது. பிள்ளைகளின் வேனில் என்ன கோளாறு என்று பேசுவதற்கல்ல, வேனின் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பேசுவதற்கு. இரண்டு தீர்மானம் போட்டோம். ஒன்று, சிவராசு வேனில் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டும், தேவையானால் இன்னொரு பெட்டியும் பூட்டிக்கொள்ளலாம். இரண்டு, ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் திறந்து பார்க்கக் கூடாது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடன் என்ன பாவம் செய்தான், அவனுக்குக் கேட்காது, ஊதுகிறவனின் கன்னம் உப்புவதைப் பார்த்தாவது என்னவென்று விசாரிப்பான். எங்களுக்கு நன்றாகக் கேட்டது. மயிலாத்தாள் எழுந்து, "அழுகறதைக் கேக்க முடியலீன்னா அழ வெக்காதீங்க" என்றார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம், அது தெருவிளக்கு.

நாற்பதாம் நாள் காலையில் வேன் அழவில்லை.

சிவராசு சாவி போட்டான், இன்ஜின் ஓடியது, ஃபேன் சுற்றியது, இரண்டு பெட்டியிலும் பாட்டு வந்தது, வண்ண லைட் எரிந்தது, அழுகை மட்டும் இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளிங்கிரி ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். "பழகிப்போச்சு பாத்தீங்களா? நாங்க சொன்னமா இல்லியா? எல்லாம் பழகுனாச் செரியாப்போயிரும்" என்றார். அவரவர் பிள்ளையைக் கொஞ்சி ஏற்றிவிட்டோம். தன்ஷிகா தான் வழக்கமாக உட்காரும் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினாள்.

மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்த மயிலாத்தாள் கேட் தாண்டி நின்றார். காதைத் திருப்பிக் கேட்டார்.

"கம்பிய எடுத்துட்டியா தம்பி?"

"இல்லீங்க்கா. அதுவே நின்னுருச்சு!"

அவர் ஸ்கூட்டரைக்கூட ஸ்டாண்டு போடவில்லை, மகளை இறக்கிவிட்டு, வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து வேன் கதவை இழுத்துத் திறந்தார். "எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க கண்ணுகளா. பைய உடுங்க, எறங்குங்க." ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைத் தொட்டு எண்ணி இறக்கினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." தேங்காய் உடைத்த வேனிலிருந்து பிள்ளைகளை இறக்குகிறாளே என்று எல்லாரும் கத்தினார்கள். எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது நான். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது! உனக்கென்ன, உம்புள்ளதான் இதுல போகலியே!" என்றேன். அதைச் சொல்லும்போது அவர் என் மகளைத் தூக்கிக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். "பதினாறு" என்றார்.

பிறகு சிவராசுவை நகரச் சொல்லி, இன்ஜினை நிறுத்தி, டிரைவர் சீட்டைத் தூக்கினார். அடியில் பேட்டரி. பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிட்டால் போதும், கரண்ட் நின்றுவிடும், வேன் பிழைத்துக்கொள்ளும். பையிலிருந்து பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனரை எடுத்து டெர்மினல் நட்டில் மாட்டித் திருப்பினார். ஸ்பேனர் சும்மா சுற்றியது. மறுபடி மாட்டினார், மறுபடி சுற்றியது. நட்டுக்கு ஆறு முனையில் ஒரு முனைகூட இல்லை, சிவராசுவின் பிளேயர் தின்று தின்று அதைக் கோலிக்குண்டாக்கி வைத்திருந்தது. ஒன்பதாம் நம்பரை மாட்டினார், ஏறவில்லை. வழுக்கிய வேகத்தில் கை முட்டி தகரத்தில் பட்டுத் தோல் கிழிந்தது. சரியான ஸ்பேனர், சரியான கை, எல்லாம் இருந்தும் அந்த நட்டு அசையவில்லை, அதை அசைக்க முடியாதபடி செய்து வைத்தவர்கள் நாங்கள்.

டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து நூல்போலப் புகை வந்தது. "மண்ணு! மண்ணு அள்ளிட்டு வாங்க!" என்று அவர் கத்தினார். பத்துப் பேர் கையிலும் செல்போன் இருந்தது, ஒருவர் கையில்கூட மண் இல்லை. புகை கறுத்தது. அவர் சிவராசுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே குதித்தார். நெருப்பு சீட்டின் பஞ்சில் பிடித்தது, அங்கிருந்து கூரையில் வண்ண லைட் போன ஒயர் வழியாகவே ஓடி, முன்னாலிருந்து பின்னாலே, என் மகள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரம்வரை போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நெருப்பிலும் வேன் ஒரு முனகல் முனகவில்லை. நாற்பது நாள் சொல்லிப் பார்த்துவிட்டு எங்களைக் கைகழுவிவிட்டது.

நெருப்பு எரிந்து அடங்கியபிறகு எல்லாரும் வேனைச் சுற்றி நின்று பேசினார்கள். சிவராசுவின் பிழைப்பு போயிற்றே என்றார்கள், உண்மைதான், அவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, தேங்காய் உடைத்த வண்டி, ஸ்பேனர் பட்டதும் எரிந்துவிட்டதே என்றார் ஒருவர். பேட்டரியில் இரும்பை வைத்தால் பொறி வராமல் என்ன செய்யும் என்றார் வெள்ளிங்கிரி. மயிலாத்தாள் கேட்டுக்கு எதிரே சாக்கடைப் பாலத்துச் சுவரில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கிழிந்த கையால் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கள்ல யாராச்சும் புள்ளைகளை எண்ணுனீங்களா?"

யாரும் எண்ணியிருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் காலனியில் எந்த வண்டியும் அழுவதில்லை. பிளேயரால் திருகினாலும், பல்லால் கடித்தாலும், சுத்தியலால் அடித்தாலும் ஒரு சத்தமில்லை. தோஷம் கழிந்துவிட்டது என்று கோயிலில் பொங்கல் வைத்தார்கள். சிவராசுவுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு பழைய வேன் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அதன் ஃப்யூஸ் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் இல்லை.

வேன் எரிந்த அன்று சாயங்காலமே சங்கத்திலிருந்து ஒரு தாள் வீடு வீடாக வந்தது. வெள்ளிங்கிரியின் கையெழுத்தில், அடுத்தவர் வாகனத்தில் அனுமதியில்லாமல் கைவைத்துச் சேதம் உண்டாக்கியதற்காக ஏழாம் நம்பர் வீட்டு மயிலாத்தாள் மன்னிப்பு எழுதித் தர வேண்டும், தராவிட்டால் காலனியைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே மூன்று கையெழுத்து, மூன்றும் அந்த வேனில் பிள்ளையை அனுப்பியவர்களுடையது. தாளைக் கொண்டுவந்தவர், "எல்லாரும் போடறாங், நீங்களும் போட்டுருங்" என்றார். என் பேனா எழுதவில்லை, அவருடையதை வாங்கிக்கொண்டேன். "என்னப்பா எழுதறே?" என்று கேட்டாள் தன்ஷிகா. அவள் என் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள், தலைமுடியில் இன்னும் புகை வாசனை இருந்தது. நான் அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, நாலாவதாகக் கையெழுத்துப் போட்டேன்.